தண்டவாளத்தில் ஏறிய மேக்ஸ்

1985-இல் வெளிவந்த 'மேட் மேக்ஸ்: பியாண்ட் தண்டர்டோம்' படம் தொடங்கும்போது, பாலைவனத்தில் ஒரு மோட்டார் வண்டி வருகிறது. எஞ்சின் ஓடவில்லை. ஒட்டகங்கள் அதை இழுத்து வருகின்றன. முதல் இரண்டு படங்களிலும் வி-8 எஞ்சின் பூட்டிய கறுப்பு ஃபோர்டு ஃபால்கனில் சீறிய மேக்ஸ், இப்போது தலை நரைத்து, கந்தல் சுற்றிக்கொண்டு ஒட்டக வண்டி ஓட்டுகிறான்.

ஆஸ்திரேலியாவுக்கு ஒட்டகம் எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் பாலைவனங்களில் சுமை ஏற்றிச் செல்வதற்காக, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் அதன் மேற்கு எல்லைப் பகுதிகளிலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஒட்டகக்காரர்களும் கூடவே போனார்கள். பிறகு மோட்டார் லாரி வந்தது. ஒட்டகத்துக்கு வேலை இல்லாமல் போக, காட்டில் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அவற்றின் வம்சம் இன்றும் அங்கே காட்டு விலங்காகத் திரிகிறது. லாரியால் பிழைப்பு இழந்த ஒட்டகம், பெட்ரோல் தீர்ந்த காலத்தில் திரும்பி வந்து அதே லாரியை இழுக்கிறது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தவை பலவும் இப்படி வசனமே இல்லாமல் வருபவைதான்.

நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கியது. வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்கு கேபின், பாடி, டேங்கர் என்று எல்லாவற்றையும் கட்டி அனுப்புவது எங்கள் ஊரின் தொழில். எண்பதுகளின் கடைசியில் அண்ணன் வாடகைக்கு எடுத்துவந்த வீடியோ கேசட்டில்தான் மேட் மேக்ஸ் படங்கள் எனக்கு அறிமுகம். அன்றிலிருந்து அவற்றை ஒரு பட்டறைக்காரனின் கண்ணால்தான் பார்த்து வருகிறேன். இரும்பு எங்கே வளைகிறது, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் கண் முதலில் போகும். மூன்றாவது படத்தோடு மட்டும் எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. இந்த வரிசையின் மிகப் பெரிய சிந்தனையும் அதில்தான் இருக்கிறது, மிக பலவீனமான துரத்தலும் அதில்தான் இருக்கிறது.

இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஒரு டாக்டர். சிட்னியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்த்து, சாலை விபத்தில் சிதைந்து வந்த உடல்களைக் கண்டவர். நண்பர் பைரன் கென்னடியோடு சேர்ந்து படம் எடுக்கப் பணம் வேண்டியிருந்தபோது, இருவரும் அவசர மருத்துவ அழைப்புகளுக்குப் போய்ச் சம்பாதித்தார்கள். கென்னடி கார் ஓட்டுவார், மில்லர் வைத்தியம் பார்ப்பார். திரைக்கதையில் பங்கெடுத்த ஜேம்ஸ் மெக்காஸ்லண்ட் ஒரு பத்திரிகையாளர். 1973-இன் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, பெட்ரோல் பங்கில் ஜனங்கள் அடித்துக்கொள்ளும் நிலை வந்ததைக் கவனித்தவர். ஒரு டேங்க் பெட்ரோலுக்காக மனிதன் எதுவரை போவான் என்ற கேள்வி அங்கிருந்து வந்தது. 1979-இல் வந்த முதல் படத்தைச் சொற்பக் காசில் எடுத்தார்கள். மோதி நொறுக்க வேறு வண்டி இல்லாமல் மில்லர் தன்னுடைய சொந்த மாஸ்டா வேனையே கொடுத்தார். படம் உலகமெங்கும் ஓடிச் சம்பாதித்தது. செலவோடு ஒப்பிட்ட லாபத்தில் அது வைத்த கின்னஸ் சாதனை, 1999-இல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வரும்வரை நின்றது.

1981-இல் வந்த இரண்டாம் படம்தான் எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் பிடித்தது. காரணத்தைச் சொல்லவே வேண்டாம், கதையே ஒரு டேங்கரைப் பற்றியது. நியூ சவுத் வேல்ஸில் புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரைச் சுற்றிய பொட்டல்வெளியில் எடுத்தார்கள். எண்ணெய்க் கிணற்றோடு ஒரு சிறு கூட்டம் கோட்டை கட்டி வாழ்கிறது. வெளியே கொள்ளையர் கூட்டம் சூழ்ந்து நிற்கிறது. மேக்ஸ் டேங்கரை ஓட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். கடைசித் துரத்தல் முழுவதும் நிஜ வண்டி, நிஜ வேகம், நிஜ மனிதர்கள். ஸ்டன்ட் கலைஞர் கய் நோரிஸ் காரில் மோதிக் காற்றில் சக்கரமாகச் சுழன்று விழும் காட்சி, திட்டம் தவறி நடந்த விபத்து. படத்தில் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். டேங்கர் கவிழும் காட்சிக்கு முன் அதன் ஓட்டுநரைச் சாப்பிட விடவில்லையாம். அடிபட்டால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் அல்லவா.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு எங்கள் மூத்த மேஸ்திரி சொன்னார்: "தம்பி, இது பொம்மை வண்டி இல்ல. நெஜ வண்டியவே கவுத்துப் போட்டிருக்கானுங்க." டேங்கர் சரிந்து மணல் கொட்டும்போது அவர் எழுந்தே நின்றுவிட்டார். அத்தனை பேர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய டேங்கருக்குள் பெட்ரோல் இல்லை, மணல். இவ்வளவு கச்சிதமான முடிவுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு படம் எடுப்பது எந்த இயக்குநருக்கும் கஷ்டம்தான்.

அதற்குள் அதைவிடப் பெரிய இடி விழுந்தது. 1983 ஜூலை 17 அன்று, சிட்னிக்கு மேற்கே பரகராங் ஏரியில் ஹெலிகாப்டர் விழுந்து பைரன் கென்னடி இறந்துபோனார். வயது 33. எடிட்டிங்கிலிருந்து கணக்குவழக்குவரை முதல் படத்தை மில்லரோடு பகிர்ந்து சுமந்தவர் அவர். மூன்றாவது படம் அவருக்குத்தான் சமர்ப்பணம். இந்த முறை மில்லர் தனியாக இயக்கவில்லை. நாடக இயக்குநர் ஜார்ஜ் ஓகில்வியைச் சேர்த்துக்கொண்டார். 1983-இல் வந்த 'தி டிஸ்மிஸல்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்தவர்கள். ஓகில்வி பெரும்பாலும் நடிகர்களைக் கவனித்தார், மில்லர் சண்டைகளையும் துரத்தல்களையும் பார்த்துக்கொண்டார். இந்தப் படம் இரண்டு துண்டாக நிற்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் துண்டு பார்ட்டர்டவுன். பண்டமாற்று நகரம். சினிமாவில் இதைவிட நன்றாக யோசித்துக் கட்டிய கற்பனை ஊரை நான் பார்த்ததில்லை. வாசலில் ஒருவன் தண்ணீர் விற்கிறான். மேக்ஸ் தன் கருவியை அருகே கொண்டுபோகிறான், தண்ணீரில் கதிர்வீச்சு இருப்பதை அது கரகரவென்று காட்டிக்கொடுக்கிறது. அணுகுண்டுப் போர் நடந்து முடிந்ததைப் படம் நமக்குச் சொல்லும் விதம் இதுதான். விற்கப் பண்டம் இல்லாதவனுக்கு ஊருக்குள் இடமில்லை. ஒட்டகங்களையும் வண்டியையும் ஒரு விமானத் திருடனிடம் பறிகொடுத்த மேக்ஸிடம் பண்டம் எதுவும் இல்லை. தன் கைத்திறமையை விலையாக வைத்து உள்ளே போகிறான்.

எனக்கு இந்த இடம் முக்கியமானது. முதல் இரண்டு படங்களும் கடைசிச் சொட்டு எண்ணெய்க்கு எப்படி அடித்துக்கொள்வார்கள் என்று காட்டின. அந்தக் கடைசிச் சொட்டும் தீர்ந்த மறுநாள் காலையில் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்டது மூன்றாவது படம்தான். ஊருக்கு அடியில் பன்றிப் பட்டி இருக்கிறது. பன்றிச் சாணத்திலிருந்து மீத்தேன், அதிலிருந்து விளக்கு, இயந்திரம், வண்டி. சாண எரிவாயு நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. அதை ஒரு ஊரின் உயிர்மூச்சாக வைத்து, யார் கையில் வால்வு இருக்கிறதோ அவன்தான் ராஜா என்று கதை கட்டியது மில்லரின் சாமர்த்தியம். வால்வு மாஸ்டர் என்ற குள்ள மனிதரின் கையில் இருக்கிறது. ஆஞ்செலோ ரொசிட்டோ நடித்தார். அவரைத் தோளில் சுமக்கும் முகமூடிப் பலசாலி பிளாஸ்டர். மூளை ஒருவர், உடம்பு ஒருவர். மேலே ஊரை ஆள்கிறவள் ஆன்ட்டி என்டிட்டி. தன் பலத்தை அவளுக்குக் காட்டத் தோன்றும்போதெல்லாம் மாஸ்டர் எரிவாயுவை நிறுத்தி ஊரை இருட்டாக்குவார். யார் ஆள்கிறார் என்று எல்லோர் முன்னும் அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் விளக்கு எரியும். குடும்பத்தின் பசிக்கு ஒரு பன்றியைக் கொன்றவனுக்கு அங்கே ஆயுள் தண்டனை. இத்தனையும் அரை மணி நேரத்துக்குள் நமக்குப் புரிந்துவிடுகிறது.

ஆன்ட்டியாக நடித்தது பாடகி டீனா டர்னர். 1984-இல் 'பிரைவேட் டான்சர்' இசைத்தொகுப்பின் மூலம் பெரிய அளவில் மீண்டு வந்திருந்த நேரம். விளம்பரத்துக்காகப் பாடகியைக் கூட்டிவந்தார்கள் என்று குறை சொல்வோர் உண்டு, நான் ஏற்கமாட்டேன். போருக்கு முன் ஒன்றுமில்லாதவளாக இருந்து, உலகம் அழிந்ததால் ஓர் ஆளானவள் அவள். உருக்குலைந்த உலகத்திலும் சட்டம், சந்தை, தீர்ப்பு மூன்றையும் நிறுவியவள். கெட்டவள் என்று அவளைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. படத்துக்காக அவர் பாடிய முதன்மைப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. இன்னொரு பாட்டுக்கு கிராமி விருது கிடைத்தது.

மாஸ்டரின் பலத்தை ஒடிக்க பிளாஸ்டரைக் கொல்ல வேண்டும், அதற்கு மேக்ஸை அமர்த்துகிறாள் ஆன்ட்டி. சண்டை நடக்கும் இடம்தான் தண்டர்டோம். இரும்புக் குழாய்களைப் பின்னிக் கட்டிய அரைக்கோளக் கூண்டு. வெளிப்பக்கம் ஊரே ஏறித் தொங்கிக்கொண்டு பார்க்கிறது. உள்ளே இருவரும் இழுபடும் கயிற்றில் கட்டுண்டு மேலும் கீழும் பறந்து மோதுகிறார்கள். ஆயுதங்கள் கூரையில் மாட்டியிருக்கின்றன, எட்டித்தான் எடுக்க வேண்டும். தரையில் நடக்கும் சண்டையை எல்லாத் திசைக்கும் திருப்பிவிட்ட இந்தக் கட்டுமானத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு முழு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். இந்தச் சண்டையை அவர் பெரிதும் பாராட்டினார்.

சண்டையின் முடிவில் பிளாஸ்டரின் முகமூடி கழன்று விழுகிறது. உள்ளே இருப்பது அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு குழந்தை முகம். மேக்ஸின் கை நின்றுவிடுகிறது, கொல்ல மறுக்கிறான். ஆன்ட்டியின் ஆட்கள் பிளாஸ்டரைக் கொன்றுவிடுகிறார்கள். முதல் படத்தில் மனைவியையும் குழந்தையையும் இழந்து கல்லாகிப்போன ஒருவன், மூன்றாம் படத்தில் திரும்ப மனிதனாகும் கணம் இது. மூன்று படங்களின் உச்சமும் இதுவே என்பேன்.

இத்தனை பெரிய கணத்தைப் படம் மறந்தே போகிறது என்பது என் முதல் குற்றச்சாட்டு. மாஸ்டர் அழுகிறார், அதோடு சரி. அதற்குப் பிறகு பிளாஸ்டரின் பேரைச் சொல்ல ஆளில்லை. அவரை வைத்து ஊரை மிரட்டிய மாஸ்டரோ பிற்பாதியில் எல்லோருக்கும் செல்லமான தாத்தாவாகிவிடுகிறார்.

ஒப்பந்தத்தை மீறியதற்காக மேக்ஸைப் பாலைவனத்துக்கு விரட்டுகிறார்கள். சாகக் கிடந்தவனை ஒரு சிறுமி இழுத்துப் போகிறாள். இங்கே இரண்டாவது துண்டு, வேறொரு படமாகவே தொடங்குகிறது என்று சொல்லலாம். மலைப் பிளவுக்குள் மரமும் தண்ணீரும் உள்ள ஒரு பள்ளத்தாக்கு. பெரியவர் ஒருவர்கூட இல்லாமல் குழந்தைகள் மட்டும் வாழ்கிறார்கள். போரிலிருந்து தப்பிப் பறந்த விமானம் பாலைவனத்தில் விழுந்தது. கேப்டன் வாக்கர் தலைமையில் பெரியவர்கள் உதவி தேடிப் போனார்கள், திரும்பவில்லை. அந்த வாக்கர்தான் இவன் என்று குழந்தைகள் மேக்ஸை நம்புகிறார்கள். பெரியவர் இல்லாத குழந்தைகளைப் பற்றிய தனிக் கதையாகத்தான் இது முதலில் மனதில் இருந்தது, அவர்களைக் கண்டெடுப்பவன் யார் என்று யோசித்தபோது மேக்ஸ் உள்ளே வந்தான் என்று சொல்வார்கள். படத்தைப் பார்த்தாலே அது தெரிகிறது.

'குழந்தைகள் வந்து மேக்ஸைக் கெடுத்துவிட்டார்கள்' என்பது ரசிகர்களிடம் பழைய புகார். முந்தைய இரண்டு படங்களும் அமெரிக்காவில் பெரியவர்களுக்கான தணிக்கைச் சான்றோடு வந்தவை. மூன்றாவது, பிள்ளைகளும் பார்க்கத் தக்கதாக மென்மையாக்கப்பட்டு வந்தது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' புகழ் மொரீஸ் ஜாரின் பெரிய இசைக்குழு, கரடுமுரடாக இருக்க வேண்டிய இடத்திலும் பட்டு விரித்துக்கொண்டே போகிறது. இதெல்லாம் எனக்கும் உறுத்துகிறது.

ஆனால் குழந்தைகள் கதை சொல்லும் அந்த ஒரு காட்சியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சவானா என்ற மூத்த பெண் கையில் குச்சிகளால் கட்டிய சட்டம். குகைச் சுவரில் வரைந்திருக்கும் படங்களின் மேல் அதைப் பிடிக்கிறாள். ஒவ்வொரு படமாகச் சட்டத்துக்குள் வருகிறது. தொலைக்காட்சி என்ற ஒன்று இருந்ததன் நிழல் அது. அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் மந்திரம்போலக் கூடச் சொல்கிறார்கள். மொழி உடைந்திருக்கிறது, சொற்கள் திரிந்திருக்கின்றன, ஆனால் ஒரு வரிகூடத் தவறக் கூடாது என்ற பயபக்தி இருக்கிறது. விமான விபத்து புராணமாகிவிட்டது, விமானி அவதார புருஷராகிவிட்டார். நடந்த ஒன்று கதையாவதற்கு எத்தனை தலைமுறை வேண்டும்? ஒரே தலைமுறை போதும் என்கிறது படம். இரண்டாம் படத்தில் இப்படி ஒரு சிந்தனைக்கு இடமே இல்லை. அங்கே யாருக்கும் நின்று பேச நேரமில்லை.

பிறகு வருகிறது அந்தத் துரத்தல். குழந்தைகளில் சிலர் நகரத்தைத் தேடிக் கிளம்பிவிட, அவர்களைக் காப்பாற்ற மேக்ஸ் பார்ட்டர்டவுனுக்குத் திரும்புகிறான். மாஸ்டரை மீட்டு, ஊருக்கு மின்சாரம் தந்த வண்டியையே பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அது தண்டவாளத்தில் ஓடும் வண்டி. எனக்குச் சினிமா இலக்கணம் தெரியாது, வண்டி தெரியும். தண்டவாளத்தில் ஸ்டீரிங் கிடையாது.

இரண்டாம் படத்தின் டேங்கர் துரத்தலில் உயிர் எங்கே இருந்தது? ஓட்டுநர் வலப்பக்கம் ஒடித்தால் பக்கத்தில் வரும் கார் நசுங்கும். பிரேக்கை மிதித்தால் பின்னால் வருபவன் மோதுவான். ஒவ்வொரு நொடியும் ஒரு முடிவு. எடை நிறைந்த டேங்கரை அந்த வேகத்தில் ஒடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு வயிறு கலங்கும். தண்டவாளத்தில் ஓட்டுபவன் முடிவெடுக்க எதுவுமே இல்லை. வண்டி நேராகப் போகும், எதிரிகள் பக்கத்தில் வந்து தாவுவார்கள், தள்ளினால் விழுவார்கள், மறுபடி வருவார்கள். ஆன்ட்டியின் அடியாள் ஒருவன் எத்தனை அடி வாங்கினாலும் எழுந்து வருவது சிரிப்புக்காக வைத்தது. முந்தைய படங்களில் ஒரு மோதல் என்றால் ஒரு சாவு. அந்தப் பயம் இங்கே இல்லை.

ரயில் துரத்தலே கூடாது என்பதில்லை. பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' 1926-இல் வந்த மௌனப்படம். அதில் எஞ்சின் திரும்ப முடியாது என்பதுதான் கதையின் முடிச்சே. தண்டவாளத்தின் குறுக்கே கட்டை கிடந்தால் விலகிப் போக முடியாது, எஞ்சினின் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டு கையில் இருக்கும் கட்டையை எறிந்து அதைத் தட்டிவிட வேண்டும். கீட்டனை மிக மதிக்கும் மில்லர் அந்த வித்தையை இங்கே பயன்படுத்தாமல் விட்டது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். பார்ட்டர்டவுனை அத்தனை நுணுக்கமாக யோசித்த மனம், அதே கவனத்தைத் தண்டவாளத்துக்குக் கொடுக்கவில்லை.

முடிவு நன்றாக இருக்கிறது. குழந்தைகளைச் சுமந்த, அந்தப் பழைய விமானத் திருடனின் விமானம் மேலேற ஓடுபாதை போதாது. மேக்ஸ் இறங்கி, ஒரு வண்டியில் ஏறி எதிரிகளின் நடுவே மோதி வழி உண்டாக்குகிறான். நாலைந்து நொடிக்கு மேக்ஸின் கையில் மறுபடி ஸ்டீரிங் இருக்கிறது, படமும் உயிர் பெறுகிறது. தனியே கிடப்பவனை ஆன்ட்டி கொல்லவில்லை. சிரித்துவிட்டுப் போகிறாள். இவ்வளவு நஷ்டத்துக்குப் பிறகு அவள் எப்படி விடுவாள் என்று கேட்பவர்கள் உண்டு. சமபலம் உள்ளவனை அடையாளம் கண்ட ஓர் ஆட்சியாளரின் மரியாதை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். டீனா டர்னரின் முகம் அதை நம்பவைக்கிறது. இடிந்த சிட்னியில் இறங்கிய குழந்தைகள் இரவில் விளக்கேற்றி, தங்களைக் காப்பாற்றியவனின் கதையைச் சொல்லிக் காப்பாற்றுகிறார்கள். வாக்கரின் இடத்துக்கு மேக்ஸ் வந்துவிட்டான்.

இதற்குப் பிறகு முப்பது வருடம் மேக்ஸ் இல்லை. 'ஃப்யூரி ரோட்' படத்தைப் பழையபடி புரோக்கன் ஹில்லில் எடுக்கத்தான் மில்லர் திட்டமிட்டார். பெரும் மழை பெய்து பொட்டல்வெளி பூத்துவிட்டதால் நமீபியாவுக்குப் போக வேண்டியதாயிற்று. 2015-இல் வெளிவந்து ஆறு ஆஸ்கர் விருதுகளை வென்றது. ஸ்டன்ட் பொறுப்பு, இரண்டாம் படத்தில் காற்றில் சுழன்று விழுந்த அதே கய் நோரிஸுக்கு. மில்லர் அதில் மறுபடி டேங்கருக்குத் திரும்பினார், ஸ்டீரிங்குக்குத் திரும்பினார். ஆனால் அந்தப் படத்தின் கோட்டையைப் பாருங்கள். தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்திருப்பவன் ஆள்கிறான், போர் தெரியாத தலைமுறை வண்டியையே சாமியாகக் கும்பிடுகிறது. வால்வை வைத்து ஆளும் மாஸ்டரும் கதையைக் கும்பிடும் குழந்தைகளும் இல்லாமல் அந்தக் கோட்டை கிடையாது.

செய்நேர்த்தியில் இரண்டாம் படத்தை மூன்றாவது தொடவில்லை, யோசனையில் முதல் இரண்டும் சேர்ந்தாலும் மூன்றாவதற்கு ஈடில்லை. இதுவே என் தீர்ப்பு. பார்க்க நினைப்பவர்கள் 1979, 1981, 1985 என்று வந்த வரிசையிலேயே பாருங்கள். இரண்டாவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளோடு பார்ப்பதானால் முதல் இரண்டும் வேண்டாம், மூன்றாவதைப் பாருங்கள். பிளாஸ்டரின் முகமூடி கழலும் இடத்தை மட்டும் ஓட்டிவிடாமல், அவர்கள் கேட்கும் கேள்விக்கு நிறுத்திப் பதில் சொல்லுங்கள்.